அன்பு பட்சத்தின் நிமித்தம்

நொத்தாரிசு கேட்டதை எழுதுவான்.
கேளாததை எழுதினால் அனுமதிப்பத்திரம் போய்விடும்.
புன்னாலைக்கட்டுவனில் இருபத்தொரு வருஷம்
அப்படித்தான் பிழைத்தேன்.
யார் வளவு எந்தப் பூவரசோடு முடிகிறது,
யாருடைய பனை
யார் முற்றத்தில் பழம் போடுகிறது,
எல்லாம் என் பெட்டகத்தில் கிடக்கிறது.

முப்பத்தேழாம் ஆண்டு ஆனி மாதம்
நேசமலருக்குச் சீதன உறுதி.
காணியின் பேர் ஆலங்கலட்டி. நாலு பரப்பு, ஆறு குழி.
கிழக்கே ஒழுங்கை.
தெற்கே கோயில் காணி.
மேற்கே தகப்பன் வழி முதுசம்.
வடக்கே நன்னித்தம்பி.
கிணறு அவனோடு அரைவாசி.

புகையிலைக் காலம் இரவிறைப்பு.
துலாவில் அவன் தம்பி, பட்டையில் அவன்,
பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற்ற
அரிக்கன் லாம்போடு தையல்முத்து.
துலாவின் கிறீச்சை ஊர் கேட்டது.
தம்பி படுக்கப் போனபின்
அது நின்றிருந்த நேரத்தையும் கேட்டது.

கதிரித்தம்பி ஈப்போவில் ஸ்டேசன்மாஸ்டர்.
மாதம் தவறாத காசுக்கட்டளை.
லீவில் வந்து திரும்பியது ஒரு சித்திரையில்,
பிள்ளை பிறந்தது அடுத்த வைகாசியில்.
பதின்மூன்று மாதம் பிந்திய வண்டியை
ஸ்டேசன்மாஸ்டருக்கா தெரியாது?
அந்த மாதமும் காசு வந்தது.
பத்து ரூபாய் கூட.

பென்சனோடு வந்திறங்கிய கிழமையில்
டிரங்குப் பெட்டியின் அடித்தாளுக்குக் கீழே
ஒரு படம் இருந்ததாம்.
சீனத்தி ஒருத்தி, மடியில் ஒன்று, பக்கத்தில் ஒன்று.
தையல்முத்து அதைத் துடைத்து
இருந்த இடத்திலேயே வைத்து,
பூச்சி உருண்டை இரண்டு போட்டு மூடினாளாம்.

"சாட்சிக்கு ஆர்?" என்றேன்.
"நன்னித்தம்பியைக் கூப்பிடும்,"
வெற்றிலை நரம்பைக் கிழித்தபடி சொன்னான் கதிரித்தம்பி.

தோட்டத்து மண் காலோடு வந்தான்.
நிலத்தில் இருந்தான்.
"கிணத்திலை என்ரை பாதியையும்
பெட்டைக்கு எழுதும்."
சாட்சியாக வந்தவன் கட்சிக்காரன் ஆகிவிட்டான்.
ஒழுங்கை முனைக் கடைக்காரனை
வேறு சாட்சிக்கு ஆள்விட்டுக் கூப்பிட வேண்டியதாயிற்று.

தானம் என்றால் நிமித்தம் எழுத வேண்டும்.
'அயலவர் என்றபடியால்' என்று தொடங்கினேன்.
பேனை முள் தாளில் சிக்கி மை தெறித்தது.
"வழக்கமாய் என்ன போடுவீர்?"
கேட்டது கதிரித்தம்பி.
"அன்பு பட்சத்தின் நிமித்தம்."
"அதையே போடும்."

நேசமலர் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.
யாருடைய நெற்றி என்று நான் பார்க்கவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து தையல்முத்து:
"ஈப்போவிலை எத்தினை பிள்ளையள்?"

சுண்ணாம்பு விரல் வாய்க்குப் போகாமல் நின்றது.
"ரெண்டு. மூத்தது பொம்பிளைப் பிள்ளை."

"அதுக்கும் ஒரு நாள் கலியாணம் வருமெல்லோ."

மூடப்போன மைக்கூட்டைத் திறந்தபடி விட்டேன்.
மேலே ஒருவரும் பேசவில்லை.
கிணற்றடியில் எவரோ வாளி விட்டார்கள்,
கயிறு ஓடும் சத்தம்,
அடியில் தண்ணீர் வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது.

பிறகு அவள் வெளியே வந்தாள்.
மிசன் பள்ளியில் படித்தவள், கைநாட்டு இல்லை.
புருசன் பேரை முன்னால் போடாமல்
தன் பேரை மட்டும் எழுத்தெழுத்தாக எழுதினாள்.
கதிரித்தம்பி ஒப்பம் வைத்தான்.
அதன் கீழே நன்னித்தம்பியின் பெருவிரல்,
மையோடு கொஞ்சம் செம்மண்.

ஒப்பமிட்டவர்கள் எனக்கு நன்கு அறிமுகமானவர்கள் என்று
அத்தாட்சி எழுதுவது சட்டம்.
எழுதினேன்.
அந்த வரியில்தான் கை நடுங்கியது.

மேலும்,
இரண்டாம் பக்கம் ஏழாம் வரியில்
'அயலவர்' என்ற சொல்
ஒப்பமிடுமுன் வெட்டப்பட்டது என்றும்
இதனால் அறியத் தருகிறேன்.